அடிப்பலகையின் பின்பக்கம்

என் மனைவிமீது வீண்பழி போட்டேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறை அலமாரியின் கீழே, தரையையொட்டி முன்பக்கம் நிற்கும் அடிப்பலகை ஊறி உப்பியபோது, "வெள்ளிக்கிழமை ஆனா வாளி வாளியா ஊத்தித் தரையைக் கழுவுறியே, பலகை என்னாகும்?" என்று மகள் முன்னால் ஏசினேன். அன்றிலிருந்து அவள் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, புதுப் பலகைக்கு வசதியில்லாததால், பழையதையே தேய்த்துப் பிளாஸ்டிக் தாள் ஒட்டலாம் என்று கழற்றினேன். அழுகியிருந்தது பின்பக்கம்தான். சிங்கிற்கு அடியில் நானே மாட்டிய குழாய் அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.

குழாயை மாற்றினேன். பலகைக்குத் தாள் ஒட்டிப் பொருத்தினேன். மகளையும் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

"வேணாம் லா. மறுபடி ஊறுனா யாரை ஏசுவீங்க?" என்றாள்.

இன்றும் அவள் துணியால்தான் துடைக்கிறாள்.