ஜக்கையனின் லண்டன் அடுப்பு

போடி மலையில் ஜக்கையன் செய்த அடுப்பு இல்லாத ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் குறைவு. அதைச் செய்தது ஜக்கையன் என்று தெரிந்த முதலாளியும் குறைவு. காய் காயவைக்கும் அந்த அடுப்பில், புகைக்குழாயை உள்ளுக்குள்ளேயே மூன்று முறை திருப்பிவிட்டு விறகைப் பாதியாகக் குறைத்தது அவர் மூளை. படம் போட்டதில்லை. பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் கீறுவார், வேலை முடிந்ததும் காலால் அழிப்பார்.

உள்ளூர்ச் சரக்கை எஸ்டேட் முதலாளிகள் சீந்தவில்லை. அதனால் எழுபத்திரண்டில், அடுப்பின் இரும்புக் கதவை வார்க்கும் மர அச்சில் 'லண்டன்' என்று இங்கிலீஷில் செதுக்கினார். சீமையிலிருந்து தருவித்ததாகச் சொன்னார். அப்புறம் அடுப்புக்கு ஆள் தேடிவந்தது. பக்கத்துப் பட்டறைகளும் அதைத்தான் செய்தன. யாரும் அதைப் பொய்யாகவே நினைக்கவில்லை.

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றியது. ஏலச்செடி கருகியது. காயே இல்லாதபோது அடுப்பு எதற்கு? எட்டு மாதமாகப் பட்டறையில் சம்மட்டிச் சத்தமில்லை. ஐம்பத்தாறு வயதில் கூலிக்கு மண்வெட்டி தூக்கவேண்டியதுதான் என்றிருந்தபோது பேப்பரில் செய்தி வந்தது. பனிமலைக் கூடாரங்களுக்கு ராணுவம் அடுப்பு வாங்குகிறது. நம் நாட்டிலேயே யோசித்து உருவாக்கியதை மட்டுமே எடுப்பார்கள்.

"இது எனக்குன்னே போட்ட சட்டம், மாயக்கா" என்று மனைவியிடம் சொல்லி அழுதேவிட்டார்.

எழுத்தில்லாத கதவோடு மாதிரி அனுப்பினார். சோதனையில் தேறியது. வருடக்கணக்காக உழைத்த அடுப்பு ஒன்றையும் பார்த்துவிட்டால் ஆர்டர் உறுதி என்று அதிகாரி ஒருவர் வந்தார். ஜக்கையனே ஜீப் பிடித்து, போடிமெட்டுக்கு மேலே ராஜாராம் முதலாளியின் ஸ்டோருக்கு அழைத்துப் போனார். மாதிரியில் எழுத்தை விட்டவர்தான்; ஆனாலும் தினம் வார்த்துப் பழகிய எழுத்து அந்தப் பழைய கதவில் இருக்கும் என்பது பாவி மனுசனுக்கு நினைப்பிலேயே வரவில்லை.

முதலாளி கதவைத் தட்டிக் காட்டினார். "அசல் லண்டன் சரக்கு சார். பன்னெண்டு வருசமா மக்கர் பண்ணலை."

அதிகாரி எழுத்தைத் தடவிப் பார்த்தார். வெளிநாட்டு நகலுக்கு விதியில் இடமில்லை என்றார். செதுக்கியது நான்தான் என்று ஜக்கையன் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஆர்டருக்காக என்னவெல்லாம் சொல்கிறான் என்று முதலாளி சிரித்தார். அதிகாரி வரைபடம் கேட்டார். அதற்கு எங்கே போவது? மர அச்சைக் காட்டுகிறேன் என்றதற்கு, லண்டன் கதவைப் பார்த்துத்தானே அதையும் செய்திருப்பீர்கள் என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஜக்கையன் பையிலிருந்து உளியை எடுத்தார். எழுத்தை வெட்டியெறிய ஓங்கி அடித்ததில் வார்ப்புக் கதவு இரண்டாகப் பிளந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஜக்கையன் அப்படியே தரையில் உட்கார்ந்து, நாளைக்கே இதேபோல் வார்த்துத் தருகிறேன் என்றார்.

"வேணாம்ப்பா, உன் கதவு இதுக்குச் சேராது" என்றார் ராஜாராம். "நான் லண்டனுக்கே எழுதிக்கிறேன்."