தலைவரின் லோரியில் ஏறிய குப்பை

ஆற்றைச் சுத்தப்படுத்த வந்தவர்கள் முதலில் செய்த காரியம் பேனர் கட்டியது. இரண்டு ரப்பர் பால் மரங்களுக்கு நடுவில் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். 'நதியைக் காப்போம்' என்று பச்சை எழுத்து. பக்கத்திலேயே சங்கத் தலைவரின் சிரித்த முகம், எழுத்தைவிடப் பெரிதாக.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மந்தின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி பாரோய்க்கு வந்தவள். என் கணவருக்குச் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் சங்கம். அதில் அவர் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் என்றால் நாற்காலி தூக்குகிறவர் என்று நான் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று. அவர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. தலைவர் சிரம்பானில் பெரிய துணிக்கடைக்காரர். தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்து வட்டிக்கடை வைத்த குடும்பம். தோட்டத்துச் சனங்கள் மேல் அவருக்கு அளவில்லாத இரக்கம் உண்டு. அது மேடையில் மட்டும் வரும்.

"உங்க தோட்டத்து ஆத்துலதான் எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ற கோத்தோங் ரோயோங் செய்யப் போறோம். நான்தான் யோசனை எடுத்துக் குடுத்தேன்" என்றார் கணவர், சீதனம் கொண்டுவந்தவர் மாதிரி.

தோட்டத்தில் என் அக்கா இன்னும் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னதும், "ஆத்த சுத்தம் பண்றாங்களா? யாரு அழுக்குப் பண்ணுனான்னு கேட்டாங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு. தோட்டத்துக்கு மேலே புதிதாகத் தாமான் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டரின் லோரிகள் உடைந்த செங்கல், சிமெண்டுச் சாக்கு, பழைய மெத்தை எல்லாவற்றையும் பாலத்தில் நின்று ஆற்றுக்குள் கவிழ்த்துவிட்டுப் போகும். நாங்களும் உத்தமர்கள் இல்லை. முன்பு நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசல்களைக் கூட்டிக் குப்பை அள்ள ஒரு வாசக்கூட்டி இருந்தார். அவர் வேலையை விட்டதும் நிர்வாகம் வேறு ஆள் போடவில்லை. அப்புறம் குப்பையெல்லாம் லயத்துக்குப் பின்னால் போயிற்று. மழை பெய்தால் அங்கிருந்து ஆற்றுக்கு. கேட்டால் "மழ கொண்டு போச்சு" என்போம். மழைக்குப் பதில் சொல்லத் தெரியாது, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வேன் நிறைய தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, புதுக் கையுறை. பின்னால் தலைவரின் கடை லோரி, மண்வெட்டி, வாரி, தண்ணீர்ப் பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தது. தலைவர் தேய்த்த முழுக்கால் சிலுவாரோடு கரையில் நின்று மைக்கைப் பிடித்தார்.

"நதி நமக்குத் தாய். தாயின் மடியில் குப்பை கொட்டலாமா? தோட்டத்து மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. அதை ஊட்டத்தான் வந்திருக்கிறோம்."

ஊட்டினார். வெயில் ஏறும்வரை ஊட்டினார். பால் வெட்டப் போனாலும் இந்நேரம் மர நிழல் கிடைத்திருக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் முனகினாள்.

வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இளம்பிள்ளைகள் சிலர் உண்மையாகவே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மெத்தையை இழுத்தார்கள். எங்கள் பெண்கள் கையுறை இல்லாமல் இறங்கினார்கள். தலைவர் ஒரு தடவை இறங்கினார். ஒரு டின்னைப் பொறுக்கினார். படம் எடுப்பவர் தவறவிட்டதால் அதே டின்னைத் திரும்பப் போட்டுப் பொறுக்கினார். நான் கண்ணால் கண்டேன். என் கணவரும் கண்டார். "ஆங்கிள் சரியில்லாம போச்சு" என்றார்.

மத்தியானத்துக்குள் கறுப்புப் பைகள் மலைபோலக் குவிந்தன. எங்கே குவித்தார்கள் தெரியுமா? தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை வாசலில். அதுதான் லோரி திரும்புவதற்கு வசதியான இடமாம். பைகளிலிருந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதன்மேல் தொண்டர்கள் தின்று முடித்த மீஹூன் டப்பாக்களும் சேர்ந்தன.

அக்கா ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டுத் தலைவரிடம் போனாள்.

"அண்ணே, இத யாரு எடுத்துட்டுப் போவா?"

"முனிசிபல் லோரி வரும்மா."

"இது தோட்டத்து நெலம். முனிசிபல் உள்ள வர்றதில்லண்ணே."

"அப்ப நிர்வாகம் பாத்துக்கும்."

"நிர்வாகம்தான் வாசக்கூட்டியவே போடலியே. நாளைக்குக் காலையில புள்ளைங்க இங்கதான் வரும்."

தலைவருக்கு முகம் மாறியது. சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இதாம்மா நம்ம சனங்களோட பிரச்சனை. எல்லாத்துக்கும் அடுத்தவன் கையையே பாக்குறது. அவங்கவங்க குப்பைக்கு அவங்கவங்கதான் பொறுப்பு!"

தொண்டர்கள் கை தட்டினார்கள். என் கணவரும் தட்டினார்.

"சரிண்ணே" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் அந்தச் 'சரி'யைத் தெரியாதவர்கள் கிடையாது. சின்ன வயதில் அதைக் கேட்டால் நான் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன்.

பிறகு எல்லாரும் தோட்டத்து மண்டபத்துக்குப் போனார்கள். மாலை, பொன்னாடை, நன்றியுரை. நாங்கள் நாலைந்து பெண்கள் வெளியே நின்றுவிட்டோம். முதல் பையைத் தூக்கித் தலைவரின் லோரியில் போட்டது யார் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை சண்டை. நான்தான் என்று நான் சொல்கிறேன். லோரி டிரைவர் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, இதெல்லாம் ஏத்துறதா?"

"தலைவர் சொன்னது கேக்கலியா? அவங்கவங்க குப்பைய அவங்கவங்க கொண்டு போவணுமாம்" என்றாள் அக்கா.

"மைக்கு இல்லாமலே கேட்டுச்சுலா" என்று எழுந்து அவரும் இரண்டு பை தூக்கினார். மேலே மண்வெட்டிகளைப் போட்டு, கித்தானை இழுத்து நன்றாகக் கட்டினார். மெத்தையை மட்டும் ஏற்ற முடியவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மறுநாள் காலையில் சிரம்பானில், கடையின் பின்வாசலில், கித்தானைத் திறந்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த ஆற்றுக் குப்பை. தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரம். பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்களாம்.

கணவர் வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கக்காவுக்கு மூள இருக்கா? தலைவர் எங்க கம்பெனிக்கே போன் போட்டுக் கத்துறாரு!"

"தலைவர் சொன்னதத்தான செஞ்சோம்."

"செஞ்சோமா? நீயும் சேர்ந்தியா?"

"நீங்க கை தட்டுனீங்கல்ல, அப்பவே கேட்டிருக்கணும்."

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நானும் தொந்தரவு செய்யவில்லை.

குப்பைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. டவுனில் குப்பை லோரி தவறாமல் வரும். வந்தது, எடுத்துக்கொண்டு போயிற்று. எங்கள் ஆறு சுமந்ததெல்லாம் இவ்வளவு சுலபமாக ஒழிந்து போகும் என்று எங்களுக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

தலைவர் அத்தோடு விடவில்லை. தோட்ட மானேஜருக்குப் போன் போட்டு, உங்கள் தொழிலாளர்கள் என்னை அவமானப்படுத்திவிட்டார்கள், தோட்டத்தில் குப்பை அள்ளவே வழியில்லையா என்று இங்கிலீஷில் சத்தம் போட்டிருக்கிறார். அந்த வாரமே ஆபீஸ் கிராணி லயத்துக்கு வந்தார். இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை டிராக்டர் வரும், காட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டியாயிற்று, ஆற்றங்கரையில் யாராவது கொட்டினால் நடவடிக்கை என்று அறிவித்தார். எங்கள் பெண்கள் ஆபீஸ் வாசலில் போய் எத்தனை தடவை நின்றிருப்பார்கள்! சொறியும் வயிற்றுப்போக்குமாகப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அப்போது தெரியாத நாற்றம், ஒரு துணிக்கடைக்காரர் மூக்கில் ஏறியதும் மானேஜருக்குத் தெரிந்துவிட்டது.

வருஷக் கடைசியில் சங்கத்தின் விருந்து. கணவர் கெஞ்சியதால் போனேன். மேடையில் அறிக்கை வாசித்தார்கள்: சங்கத்தின் விடாமுயற்சியால் தோட்டத்தில் குப்பை அகற்றும் ஏற்பாடு நிறுவப்பட்டது. பலத்த கைதட்டல். தலைவருக்கு ஒரு கேடயம். அதை எடுத்துக் கொடுத்த சிறப்பு விருந்தினர் யார் என்று கணவரைக் கேட்டேன்.

"அவருதான் நம்ம பெரிய டோனரு. உங்க தோட்டத்துக்கு மேல தாமான் கட்டுறாருல்ல, அந்தக் காண்ட்ராக்டர்."

கோழி நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.