மூணாவது தோடு

அம்மா என்னைக் கட்டிக்கொண்டால் ஒரு சத்தம் வரும். "ஊய்ய்" என்று, கொசுவின் குரலைவிடக் கொஞ்சம் கனமாக, என் கன்னத்துக்கும் அவளுடைய வலது காதுக்கும் நடுவிலிருந்து அது கிளம்பும். உடனே அவள் என்னை விலக்கி, கூந்தலுக்குள் விரலை விட்டு எதையோ அமுக்கி, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி இடது தோளில் என்னைச் சாய்த்துக்கொள்வாள். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் கட்டிக்கொண்டால் இப்படித்தான் சத்தம் வரும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்த அசடு நான். பள்ளித் தோழியின் அம்மா ஒருநாள் என்னை அணைத்துக்கொண்டபோது ஒன்றும் கேட்காமல் போகவே, அவளுக்கு என்மேல் அவ்வளவாகப் பிரியம் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். அம்மாவின் வலது காதுக்குள் இருந்தது காது கேட்கும் கருவி. பெட்டியும் ஒயருமாக மார்பில் தொங்கும் பழைய ரகம் இல்லை. காதுக்குழிக்குள் இளஞ்சிவப்பு மாவைப் போன்ற ஒன்றை அடைத்து, அது இறுகும்வரை காத்திருந்து, அந்த அச்சை வைத்து அவள் ஒருத்தியின் காதுக்கென்றே வார்த்தது. முந்திரிப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசாக, தோலின் நிறத்தில் இருக்கும். காதை மூடித் தலைவாரிக்கொண்டு, மேலே ஒரு முழம் கதம்பத்தையும் சரித்து வைத்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது. வீட்டில் அதற்கு "மூணாவது தோடு" என்று பெயர். "மெஷின்" என்ற சொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுகூடச் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாவின் விரல்களுக்கு அவ்வளவு நுணுக்கம் போதாது என்பது வெளியில் சொன்ன காரணம். எனக்கு அதன்மேல் இருந்த மோகம் உண்மையான காரணம். சாயங்காலம் அவள் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாள், சுடச்சுட. நான் விரல்களை மூடுவேன்; மூடிய கைக்குள் அது "ஊய்" என்று கத்தினால் பாட்டரிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு குட்டி பிரஷால் தூசு தட்டி, ஒலி வரும் துளையில் அடைத்துக்கொண்ட அழுக்கைக் கம்பி வளையத்தால் கிள்ளி எடுத்து, பாட்டரிக் கதவைத் திறந்து வைத்து, நீல மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். அந்த மணிகள் ஈரத்தைக் குடிக்கும். குடித்துக் குடித்து வெளிறிய ரோஜா நிறத்துக்கு மாறினால் வெயிலிலோ வாணலியிலோ வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? வேர்வை, கடற்காற்று, மழை, குளிக்கும் தண்ணீர் எல்லாமே அதற்கு விஷம் என்று கருவி கொடுத்த இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் மணிகளின் நிறத்தை நாளுக்கு நாலு தடவை திறந்து பார்ப்பேன்.

சந்து முனையில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்கு அம்மாமேல் தீராத மனத்தாங்கல். "இன்னா கண்ணு, உங்கம்மா, கூவிக்கினே கீறேன், திரும்பியே பாக்காம போவுது? அம்மாம் பெரிய ராணியா?" என்று என்னிடம் கேட்பாள். வீட்டில் வந்து சொன்னால் அம்மா சிரிப்பாள். "திமிர் புடிச்சவன்னு நெனச்சா நெனச்சுண்டு போகட்டும்" என்பாள். திமிர்க்காரி என்ற பேருக்கு அவள் பயப்படவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு.

அம்மாவைப் பெற்றவளுக்கும் அவளுடைய அக்காவுக்கும் பிள்ளை பெற்ற பிறகு காது மங்கியிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பெண்களுக்கு அது அப்படித்தான் வந்தது. அம்மாவுக்கு நான் பிறந்த பிறகு, இரண்டு காதிலும்; இடது காது கருவி வைத்தும் பயனில்லாத அளவுக்குப் போய்விட்டது. பெண்ணுக்கும் வரலாம், வராமலும் போகலாம், இப்போதே சொல்ல வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் கையை விடவே இல்லை. இறங்கிப் பார்த்தால் மணிக்கட்டில் அவளுடைய வளையல் பதிந்த தடம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் தீப்பெட்டி. விளக்கேற்றும் நேரத்தில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். பின்னால் எங்கோ அம்மா நின்று தீப்பெட்டியை லேசாக ஆட்டுவாள். குச்சிகள் உள்ளே "கிலுக்" என்னும். கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். முதலில் எனக்கு அது விளையாட்டு. நாளாக ஆக அவள் தள்ளித் தள்ளிப் போனாள்: கூடத்துக் கோடி, சமையலறை வாசல், மாடிப்படி. பாட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று நான் தோட்டைக் கைக்குள் மூடிப் பார்ப்பதைப் போலத்தான் அவள் என்னைப் பார்க்கிறாள் என்பது ஒருநாள் புரிந்தது. அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வந்தாலே எனக்கு முதுகு கூசும். கை தூக்கியபின் அவள் விடும் மூச்சு தீப்பெட்டியைவிடப் பெரிதாகக் கேட்கும்.

இதெல்லாம் தெரியக் கூடாத ஆள் என்று ஒருத்தர் உண்டென்றால் அது அத்தை. அப்பாவின் அக்கா, வடபழனியில் இருந்தாள். அம்மாவைப் பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, தம்பிக்குக் கட்டிவைத்தவள் அவள்தான். கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தைப் பற்றி அவள் ஒன்று சொல்லிவிட்டால் சொந்தத்தில் அதற்கு அப்பீல் கிடையாது. "ஏன்னா, எனக்கு என்ன பேர் வேணா வரட்டும், இவளுக்கு வரப்படாது. நாளைக்கு யார் வந்து பண்ணிப்பா?" என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அழுததைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். நன்றாகவே கேட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல்நாள் மாலையிலிருந்தே மழை. நீல மணிகள் வெளிறிக்கொண்டிருந்தன. பட்சணம் அடுப்பை விட்டு இறங்கவில்லை, வறுக்க இடமில்லை. அத்தை எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவாளோ என்று அம்மா தோட்டைக் கழற்றாமலே வளைய வந்தாள். தெருவில் வெடி வெடிக்கும்போதெல்லாம் அது அவள் காதுக்குள்ளேயே வெடிப்பதுபோல் இருந்திருக்கும். கண் மட்டும் ஒரு கணம் மூடித் திறக்கும், முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டு வழக்கப்படி தீபாவளி விடியலில் கோலம் போட்ட மணையில் ஒவ்வொருவராக உட்கார, வீட்டின் மூத்த பெண்மணி தலையில் எண்ணெய் வைப்பாள். உச்சியில் வைத்துத் தேய்த்த பிறகு, காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் காதுக்கு இரண்டு சொட்டு விடுவாள். எப்போதும் அம்மாதான் எங்களுக்கு வைப்பாள். தனக்குத் தானே வைத்துக்கொள்வாள். அந்த வருஷம் மூத்தவள் என்று அத்தை இருக்கிறாள் என்பதை நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை. வருஷம் பூராவும் ஈரத்துக்குப் பயந்துகொண்டிருந்தோமே தவிர, எண்ணெயை எவரும் நினைக்கவில்லை.

"மொதல்ல மாட்டுப்பொண் உக்காரட்டும்" என்றாள் அத்தை, கிண்ணத்தோடு.

"நானே வச்சுக்கறேன் அக்கா."

"நீயே வச்சுண்டா அதுக்கு நான் எதுக்கு வடபழனிலேர்ந்து வந்தேன்? உக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். டப்பாவைக் கொண்டு வா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் உள்ளே ஓடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அத்தை அவளைத் தோளைப் பிடித்து மணையில் அமர்த்தி, கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். அம்மா முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். அத்தை அதில் எண்ணெய் விட்டாள். பிறகு மோவாயைப் பிடித்துத் தலையை மறுபக்கம் திருப்பி, கூந்தலை ஒதுக்கியும் ஒதுக்காமலுமாக, பழகிய கையால் இரண்டு சொட்டு விட்டு, வழியாமல் இருக்க உள்ளங்கையால் காதைப் பொத்தினாள்.

"ஊய்ய்ய்."

"எவன் ஆத்து ராக்கெட்டுடி இது, இப்படிக் கத்தறது?" என்று அத்தை ஜன்னலைப் பார்த்தாள். கையை எடுத்தாள், சத்தம் நின்றது. மறுபடி காதருகே கொண்டுபோனாள், மறுபடி கத்தியது. இந்த முறை அது பாதியில் கம்மி, நீரில் மூழ்குவதுபோலக் குழறி, அடங்கிப் போனது. அத்தை குத்துவிளக்கைக் கிட்டே நகர்த்தி, அம்மாவின் தலைமுடியை முழுசாக விலக்கிப் பார்த்தாள். காதுக்குழியில் எண்ணெய் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது மூணாவது தோடு. நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

அத்தை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பின்னாளில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறார்கள், அப்படி எவரும் பார்த்ததில்லை. "குழந்தைக்கு?" என்றாள்.

அம்மாவுக்கு அந்தச் சொல் கேட்டிருக்காது; உதடு தெரிந்திருக்கும். எண்ணெய் வழியும் தலையோடு அவள் மணையிலிருந்து எழுந்தாள். விளக்கருகில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துவிட்டுப் பின்னால் போனாள். வெளியே சரவெடி ஒன்று ஓய்ந்து முடிந்தது. "கிலுக்." கையைத் தூக்கினேன். இன்னும் தள்ளிப் போனாள். "கிலுக்." தூக்கினேன். மாடிப்படியில் இறங்கி நின்று ஆட்டினாள், அதற்கும் தூக்கினேன். தோடு செத்துப்போன காதோடு, தான் ஆட்டுவது தனக்கே கேட்காமல், என் கை உயர்கிறதா என்று மட்டும் பார்த்து அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்பாதான் போய் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தார்.

அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை மணையோரம் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். பிறகு என் தலையில் கை வைத்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "இப்போ கேக்கறது சரி. நாளைக்கு இவ ஒண்ணு பெத்தெடுத்தா?"

அன்று நான் கட்டிக்கொண்ட பாவாடையின் நிறம் நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு பள்ளிக்கு வந்தது, கல்லூரிக்கு வந்தது, கல்யாண மேடைக்கு வந்தது. தோடு பழுது பார்க்கப் போய் நாள்பட்டுத் திரும்பிவந்தது. அதுவரை அம்மா எங்கள் வாயைப் பார்த்தே காலம் தள்ளினாள். அத்தையையும் சொல்ல வேண்டும்: கடைசிவரை எவரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஓசைப்படாமல் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கிசுகிசுப்பாக என் பேரைச் சொல்வாள். நான் திரும்புவேன். "ஒண்ணுமில்லடி" என்பாள். என் மகள் பிறந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் வந்து கூப்பிட்டாள். திரும்பினேன். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். தப்பித்துவிட்டோம் என்று இருவருமே நினைத்தோம்.

இப்போது அத்தை இல்லை, அப்பா இல்லை. சந்து வீட்டை இடித்துக் கார் நிறுத்தும் இடத்தோடு ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். நாங்கள் பாலவாக்கத்தில் இருக்கிறோம். நீல மணிகளை வறுக்கும் தொல்லை இல்லாத, போனைப்போல் சார்ஜ் போட்டுக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. அம்மா மட்டும் பழகின காதுக்கு அதே ரகம்தான் வேண்டும் என்று அந்தக் கத்தும் தோட்டையே பிடிவாதமாக மாற்றி மாற்றி வாங்கி வைத்துக்கொள்கிறாள். மறைப்பதில்லை. தலைமுடியே வெளுத்துக் குறைந்துவிட்டது.

போன கார்த்திகைக்குப் பால்கனியில் என் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அகல்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மா, கையில் தீப்பெட்டி. நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடத்து வாசலில் நின்றேன். பழைய வழக்கம் விடாமல் அம்மா பெட்டியை உயர்த்தி லேசாக ஆட்டினாள். காலிப்பெட்டியைப் போய் ஆட்டுகிறாளே என்று நினைத்தேன். மகள் திரும்பாமலே கையைத் தூக்கினாள். அம்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே குச்சிகள் நிறைய இருந்தன.

அம்மா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷமாக முகங்களை வைத்தே பேச்சைப் படித்தவள்; என் முகத்தைப் படிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அந்தச் சிரிப்பு நின்றது. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து, கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள், வலது காது என் கன்னத்தில் அழுந்தும்படி. இந்த முறை என்னை அவள் விலக்கவில்லை. கடற்காற்றின் இரைச்சல் கேட்டது, தெருவில் ஆட்டோ போவது கேட்டது.

"ஐயோ பாட்டி, உன் தோடு கத்தறது!" என்று என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.