இரண்டு பக்கமும் உருளை

ஆற்றுக்கு மேலே நிற்கும் பழைய ரயில் பாலத்துக்குக் கிரீஸ் வைத்தே அவருக்குத் தலை நரைத்தது. எல்லோரும் அவரைக் கிரீஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவியின் தம்பிக்கும் அதே வேலை. பாலத்தில் இந்தக் கரைப் பாதி மாமனுடையது, அந்தக் கரைப் பாதி மச்சினனுடையது.

வெயிலில் இரும்பு நீளும். அதனால் பாலத்தைக் கட்டியவர்கள் ஒவ்வொரு உத்தரத்தையும் ஒரு முனையில் போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையை உருளைகள் மேல் உட்கார வைத்திருந்தார்கள். உருளைகளைத் துடைத்துக் கிரீஸ் வைப்பதுதான் இவர்கள் பிழைப்பு. போல்ட் முனையை இருவருமே ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

ஒருநாள் டீக்கடையில் பேச்சு முற்றியது.

"தூணுக்கு அஸ்திவாரக் கிணறு முதல்ல எறக்கினது எங்க கரையிலதான் மாமா. கல்லைப் பாத்தாலே தெரியலையா, எவ்வளவு பழசுன்னு?"

"அது பழசு இல்லடா, நீ கழுவாத அழுக்கு."

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடைக் கால்வாய். அதன் மேல் கிடந்த பலகையும் உளுத்து முறிந்தது. கிரீஸ்காரரின் மனைவி வாசலில் நின்று, இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேந்து ஒரு பாலம் போடணும். இல்லேன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏறிடுவேன். அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் சோறு போட ஆளில்லாம பட்டினி கெடங்க."

கிரீஸ்காரருக்குத் தெரியும், அவள் சொன்னால் செய்கிறவள். இரண்டு இரும்புச் சட்டங்களைக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்து, தன் பக்கத்து முனைக்கு வழக்கம்போல் உருளை வைத்தார்; மறுமுனையை மச்சினனுக்கு விட்டார். அந்தப் பக்கம் மச்சினன் போல்ட் போட்டிருப்பான். கேட்டிருக்கலாம். கேட்டால் பேசினதாகிவிடுமே!

ஞாயிற்றுக்கிழமை அவள் நடுப்பாலத்துக்கு வந்ததும் பாலம் மெல்ல நகர்ந்தது.

"ஐயையோ, என்னங்க, பாலம் நடக்குது!"

"நடக்காதுடி. அந்தப் பக்கம் இறுக்கியிருக்கு!"

"இந்தப் பக்கமா? நீங்க இறுக்கலியா மாமா?"

"நான் எதுக்குடா இறுக்கணும்? நான் உருளைக்காரன்!"

"அப்ப நான் யாராம்?"

ஆளுக்கொரு முனையைப் பாய்ந்து பிடித்தார்கள். அவள் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாய் தொறந்துடுச்சுல்ல? யாராவது ஒருத்தர் போல்ட் போடுங்க. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

கிரீஸ்காரர் மானத்தை விழுங்கிக்கொண்டு, உருளையை உருவிவிட்டுப் போல்டை முடுக்கினார். நிமிர்ந்தால், எதிரே மச்சினனும் ஸ்பேனரோடு நிமிர்ந்தான்.

"உங்களுக்காகத்தான் விட்டுக்குடுத்தேன் மாமா."

"நீ எதுக்குடா? பெரியவன் நான் விட்டுக்குடுக்க மாட்டேனா? ரெண்டு பக்கமும் இறுக்கினா இரும்பு எங்க போய் நீளும்? நீ உருளையே வெச்சுக்கோ."

"ஐயோ வேணாம் மாமா, நீங்க வெச்சுக்குங்க."

"நீ வை."

"நீங்க வைங்க."

"சரிடா, நீ இவ்வளவு சொல்றதால..." என்று அவர் போல்டைக் கழற்றி உருளையைத் திரும்பச் செருகினார். மாமன் சொல்லைத் தட்டக்கூடாதென்று மச்சினனும் அதே சமயத்தில் அப்படியே செய்தான்.

பாலம் மறுபடியும் கிளம்பியது.

"இதுக்கு நீங்க பேசாம இருந்ததே தேவல!" என்று கத்தினாள், இன்னும் நடுவில் உட்கார்ந்திருந்தவள்.