உள்ளங்கைக்கு வெளியே ஒரு வரி

அலுவலகத்தில் யார் தன் மேசைப் பக்கம் போனாலும் அக்கா கூப்பிடுவார். கணினித் திரையில் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இது என்ன செய்யும், சொல்லுங்க பார்ப்போம்" என்பார். கணக்குப் பிரிவுக்காரர், தண்ணீர் கேன் போடுபவர், யாரையும் விட்டதில்லை. ஐந்து வருடம் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குச் செய்து தரும் செயலிகள் எல்லாம் இணையத்தோடு பேசுவது அவர் எழுதிய நிரல் வழியாகத்தான். மற்றவர்கள் ஒரு வரி எழுதினால் இணைப்பு கிடைத்துவிடும். அந்த ஒரு வரியைத்தான் அப்படிக் காட்டுவார்.

நான் சேர்ந்த புதிதில் காட்டியதில் ஒரு முகவரி, பின்னால் ஆம், இல்லை என்பதுபோல ஒரு 'ட்ரூ', ஒரு 'ஃபால்ஸ்'. "புரியுதா பட்டதாரி?" எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று தெரிந்த நாளிலிருந்து அதுதான் என் பெயர்.

ஒன்றும் புரியவில்லை. "புரியுதுக்கா" என்றேன். கல்லூரியிலும் அப்படித்தான் ஓட்டினேன்.

பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் செயலியில் அதே வரியை நானே எழுதினேன். கடைசி 'ஃபால்ஸ்', இணைப்பு அறுந்தால் மறுபடி முயலாதே என்பதாக நினைத்தேன். எதிர்முனையில் இருப்பது யாரென்று சரிபார்க்காதே என்பதுதான் அதன் பொருள். எட்டு மாதம் நோயாளிகளின் முடிவுகள் அப்படியே போயின. நடுவில் எவன் நின்று "நான்தான் உங்க சர்வர்" என்றிருந்தாலும் செயலி நம்பியிருக்கும்.

தெரிந்த அன்றே போய்ச் சொன்னேன். "அன்னைக்கே எனக்குப் புரியலக்கா."

"புரியாத மாதிரி எழுதினது என் தப்பு. மண்டைய மண்டைய ஆட்டினது உன் தப்பு. இப்ப நகரு."

ஒரே வாரத்தில் அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டார். இப்போது முகவரி மட்டும்தான். சரிபார்ப்பு தானாகவே நடக்கும். நாங்கள் செயலியைச் சோதித்துப் பார்க்க மட்டும் தனியாக ஒரு கட்டளை உண்டு: 'எதிரே_யாரென்று_பார்க்காமல்_இணை'. வாடிக்கையாளருக்குப் போகும் செயலியில் அது இருந்தால் செயலி உருவாகவே உருவாகாது.

"பேரா இது? ரயில் வண்டி மாதிரி போயிட்டே இருக்கு" என்று மேலாளர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சொல்ல இருவரும் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். பேசிவிட்டுக் கிளம்பும்போது, வரவேற்பில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள். "என் ரிப்போர்ட்டும் அதுல போயிருக்கு மேடம். வீட்ல யாருக்கும் தெரியாது. யாராவது பார்த்திருப்பாங்களா?"

"தேடிப் பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்றார் அக்கா.

எந்த இணைப்பு எப்போது நடந்தது என்ற பழைய பதிவுகள் முப்பது நாளுக்கு மேல் எங்களிடம் இல்லை. இருந்தவற்றை அக்கா இரண்டு முறை படித்தார். நடுவில் யாராவது எட்டிப்பார்த்தார்களா என்று அவற்றிலும் தெரியவில்லை. போன மாதம் வேறு நிறுவனத்துக்கு வேலை மாறிக் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுக்கு நான் இன்னும் சொல்லலியே" என்றார். 'தெரியாது' என்பதை ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

அக்காவின் நாற்காலியில் இப்போது நான். திரையின் ஓரத்தில் அவர் ஒட்டிய சீட்டில் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறது, இன்னும் யாரும் அழைக்காமல்.