தையல்காரர் வீட்டுக்கு அளவெடுத்தார்

தெருமுனைத் தையல்காரர் தராசு முள்ளையே சந்தேகப்படுகிற ஆள். தக்காளி வாங்கப் போனால் தக்காளியைப் பார்க்க மாட்டார், கடைக்காரரின் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார். இருபத்தாறு வருஷம் சட்டையும் பேன்ட்டும் தைத்து, வாடகை வீட்டிலேயே காலம் தள்ளி, கடைசியில் ஒரு வீடு வாங்கத் துணிந்தார். சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வரி கட்ட வேண்டும். அறுநூறு சதுர அடிவரை விலையில் நூற்றுக்கு நாலு. ஓர் அடி கூடினாலும் ஏழு. அவரிடம் இருந்த பணம் நாலுக்குத்தான் காணும்.

"ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு சதுர அடிதான். நாலு பர்சென்ட் வரி. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே" என்றார் புரோக்கர்.

கண்ணை மூடச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. மறுநாளே மனைவியை இழுத்துக்கொண்டு போய், கழுத்தில் கிடந்த டேப்பால் நாலு அறைகளையும் அளந்தார். அவள் சுவரோரம் குனிந்து ஒரு நுனியைப் பிடித்தாள். அவரே படித்து, அவரே கடை நோட்டில் எழுதினார். பெருக்கிக் கூட்டினால் அறுநூற்று ஆறு சொச்சம்!

"பாத்தியா? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அளந்து ஏழு போட்டா நாம நடுத்தெருவுல நிக்கணும். இவன் கமிஷனை வாங்கிட்டுக் கம்பி நீட்டிடுவான்."

நேரே போய்ப் புரோக்கரைப் பிடித்தார். "அளவுலயே கை வைக்கிறியா நீ?"

"வேணாம்னா விடுங்கண்ணே. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற பார்ட்டி ரெடியா இருக்கு."

வேறு பார்ட்டியாவது மண்ணாவது, எல்லாம் பம்மாத்து என்றுதான் நினைத்தார். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால், யாரோ ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை அளந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கடை நோட்டை மூலையில் வீசினார். மனைவி நோட்டை எடுத்தாள்.

"சமையலறை அகலம் எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"பதினோரு அடி ஒன்றரை அங்குலம்."

"தரையில ஒரு அடிக் கல்லு. குனிஞ்சிருந்தப்ப எண்ணினேன். சரியா பதினொண்ணுதான்."

"கல்லையும் சின்னதாப் போட்டு ஏமாத்தியிருப்பான்."

அவள் மற்ற அறைகளையும் பார்த்தாள். எல்லா அளவின் வாலிலும் அதே ஒன்றரை அங்குலம். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

"ஏங்க, தையலுக்கு விடுறதையும் சேத்து எழுதியிருக்கீங்க. இந்தச் சுவத்தை எங்க மடிச்சுத் தைக்கப் போறீங்க?"

உடம்பு அளவோடு தையலுக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்தே எழுதிப் பழகிய கை. வீட்டுக்கும் அதையே செய்திருக்கிறது. அதைக் கழித்துக் கணக்குப் போட்டால் சரியாக ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர் தன் கையை மட்டும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை, புரோக்கர் தன் ஆபீஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள்.

"அளவு சரிதான் தம்பி."

"எப்படிண்ணே திடீர்னு?"

"டேப்பு... சுருங்கிப்போச்சு."

புரோக்கர் அவரை மேலும் கீழும் பார்த்த பார்வையில் சந்தேகம் வழிந்தது. மனைவி அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பார்ட்டி பத்து மணிக்கு வராங்க. போடுறதா இருந்தா இப்பவே போடுங்க."

வரிக் கணக்கு எழுதிய காகிதம் மேஜைக்கு வந்தது. தையல்காரர் அதைப் படிக்கவில்லை. மனைவி பக்கம் தள்ளினார்.

"நீ பாரு. நீ சரின்னா போடுறேன்."

அவள் நிதானமாகப் படித்தாள். அவர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.