ஒற்றைச் சிறுநீரக மாப்பிள்ளை

எனக்குச் சிறுநீரகம் கொடுத்தவன் என் அண்ணன். ஆபரேஷன் வெளியூரில் நடந்ததால் அது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஊர் முழுக்கக் கண் வலி. எனக்கும் வலது கண் சிவந்தது. பார்வையில் கரும்புள்ளிகள் மிதந்தன. அண்ணன் தருமபுரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் பேசுவது காதில் விழும் தூரத்தில் ஒரு பெஞ்சில், மாரண்டஹள்ளியில் அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்றார் டாக்டர்.

மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"ஒன்னுமில்லைங்க. எல்லாத்துக்கும் வந்திருக்கற கண்ணு வலிதானுங்க."

சொட்டு மருந்தோடு வெளியே வந்ததும் கெஞ்சினேன். "உண்மையச் சொல்லிடலாம்ண்ணா."

"ஒத்தக் கிட்னிக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? வெத்தலை பாக்கு மாத்தட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

மாற்றினார்கள். எனக்கு வந்தது ஊர்க் கண் வலி இல்லை; எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் புகுந்த பூஞ்சைக் கிருமி. அதற்குள் அது விழித்திரைவரை போயிருந்தது. மெட்ராஸில் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை.

கல்யாணத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றேன். பெண் வீட்டார் விசாரித்தார்கள்.

"கண்ணு வலிங்க. சரியாப் போயிடும்" என்றான், மாலையும் கழுத்துமாக நின்ற அண்ணன்.

இன்றுவரை என் உயிர் அவன் கொடுத்தது. அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிக்காட்டியிருந்தால், பதிலுக்கு என் கண்ணைப் பற்றி நானும் கேட்டிருப்பேன்.